விட்டுட்டுப்போ டீச்சர்

என் அக்கா ஏழு வயசுப் பிள்ளைகளைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறவள். முன்னறையில் ஆறு மடக்கு நாற்காலி, ஒரு அலாரம் கடிகாரம், டப்பா நிறைய சீவிய பென்சில். கணக்கெல்லாம் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கும். அக்கா சொல்லிக்கொடுப்பது தேர்வு எழுத: விடைத்தாளில் வட்டத்தைக் கோட்டுக்கு வெளியே போகாமல் கருப்பாக்குவது, மூக்குச் சிந்துவதை மணியடிக்கும் முன்பே முடித்துக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மந்திரம்: "தெரியாட்டி விட்டுட்டுப் போ." மணிக்கு நாற்பது தடவை சொல்வாள். தெருவில் அவளுக்குப் பெயரே விட்டுட்டுப்போ டீச்சர்.

அத்தானிடமும் ஒருமுறை சொன்னாள். ஏதோ சண்டை. "பிடிக்கலன்னா விட்டுட்டுப் போங்க!" மனுஷன் குடையை எடுத்துக்கொண்டு போனவர்தான், ஆறு வருஷம் ஆச்சு. யாராவது கேட்டால், "அவருக்குச் சொன்னது புரியல" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

இந்த வருஷம் என் மகளுக்குத் தேர்வு. தேறினால் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் அந்தப் பொடிசு தினமும் ரெண்டு பஸ் மாறணும். எனக்கு ஒரு வாரமாய்ச் சாப்பாடு இறங்கவில்லை. "என்கிட்ட ஒப்படைச்சிட்ட இல்ல? பேசாம இரு" என்றாள் அக்கா.

தேர்வன்று நானும் அக்காவும் கேட்டுக்கு வெளியே நின்றோம். மணியடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளேயிருந்து தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு யாரோ வருகிறார்களே என்று பார்த்தால், நான் பெத்த மகராசி.

"என்னடி ஆச்சு?"

"மூணாவது கேள்வி தெரியல. பெரியம்மாதானே சொன்னாங்க, தெரியாட்டி விட்டுட்டுப் போன்னு. அதான் வந்துட்டேன்."

"ரொம்ப நல்லா சொல்லிக்கொடுத்த போ!" என்று அக்காமேல் பாய்ந்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கண்காணிப்பாளர் வாசலை மறித்தார்.

"வெளிய வந்தா வந்ததுதாம்மா. கிளம்புங்க."

"பிள்ளைமேல தப்பில்ல சார். நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து அந்த வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அவர் மறுபடி போகச் சொன்னார். அக்கா நகரவே இல்லை. அதையே மூணு தடவை சொன்னாள். நாலாவது தடவை அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மிச்ச நேரம் மட்டும்தான்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

கடைசி மணியடித்ததும் என் மகள் பிள்ளைகளோடு பிள்ளையாய் வெளியே வந்தாள்.

"எல்லாம் எழுதிட்டியா?" என்றேன்.

"மூணாவதை விட்டுட்டேன்" என்றாள், பெரியம்மாவைப் பார்த்து. "ஆனா போகல."

அக்கா நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. முன்னறை மந்திரமும் மாறிவிட்டது: "தெரியாட்டி அடுத்த கேள்விக்குப் போ. நாற்காலியில உக்காந்துக்கிட்டே." போன வாரம் அத்தானுக்கு போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. மறுநாளும் போட்டாள்.