அக்காவுக்காகப் பதிவு செய்த கச்சேரி

என்னைப் போன்ற மடையனிடம் டேப் ரெக்கார்டரைக் கொடுத்தது அக்காவின் தவறு என்று இன்றும் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். உண்மையில் கெடுத்தது என் வாய்.

பள்ளி நாளிலிருந்து நாங்கள் உயிராய்க் கேட்ட ராக் இசைக்குழு ரங்கூன் மைதானத்தில் பாட வந்தது. டிக்கெட் வாங்கியவள் அக்கா. கால் முறிந்து கட்டிலில் கிடந்ததால், "ஒரு பாட்டு விடாம புடிச்சிட்டு வாடா" என்று டிக்கெட்டையும் ரெக்கார்டரையும் என்னிடம் தந்தாள்.

கிதார் முழங்கியதும் மைதானமே பாடியது. ரெக்கார்டரை நெஞ்சோடு அணைத்தபடி நானும் பாடினேன். பக்கத்திலிருந்த பர்மாக்காரர் இரண்டு முறை என் தோளைத் தட்டினார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

மறுநாள் ரங்கூனின் லான்மடாவ் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் அக்கா ஆசையாக டேப்பை ஓடவிட்டாள். கிதார் எங்கோ தூரத்தில் முனகியது. பக்கத்தில் நின்று கத்தியது நான். நடுவே அந்த மனிதர் பர்மியத்தில் கெஞ்சினார்: "அண்ணே, நாங்க அவங்க பாடுறதக் கேக்க வந்தோம்."

அக்கா டேப்பின் இரண்டு பக்கமும் கேட்டு முடித்தாள். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

"அடுத்த தடவ வாயே தொறக்க மாட்டேன்க்கா."

"அடுத்த தடவ ரெக்கார்டர மட்டும் அனுப்புறேன்."