முனாஸின் சோபாவும் பூனையும்

ஓட்டமாவடி முனாஸ் தொழுகை தவறாத மனிதர், கோபமும் தவறாது. கட்டாரில் ஏழு வருடம் உழைத்து வாங்கிய சோபாவை வீட்டுப் பூனை பிறாண்டிக் கிழித்ததும் சாக்கை எடுத்தார்.

“பாலத்துக்கு அங்கால கொண்டு விட்டுட்டுத்தான் மறுவேல!”

மனைவி ஸுஹைனா சாக்கைப் பறித்தாள். “வாயில்லாச் சீவன் மச்சான், அல்லாஹ் கேப்பான். நகம் தீட்ட அதுக்கு ஒரு இடம் குடுத்தீங்களா?”

முனாஸ் ஏசிக்கொண்டே சோபாவுக்குப் பக்கத்துத் தூணில் தென்னந்தும்புக் கயிற்றை இறுக்கிச் சுற்றினார். பூனை திரும்பியும் பார்க்கவில்லை.

“இஞ்ச பாரு, இப்பிடி!” பல்லைக் கடித்தபடி பத்து விரலாலும் கயிற்றைப் பிறாண்டிக் காட்டினார்.

“அத விட வடிவாப் பிறாண்டுறீங்க” என்றாள் ஸுஹைனா.

பூனை மெல்ல வந்து, அவர் கைக்குக் கீழே கயிற்றில் நகத்தை ஊன்றி இழுத்தது.

“இத முதல்லயே செஞ்சா என்ன, சனியன்!” என்று கத்தினார். சாக்கை மடித்து வைக்கச் சொன்னார்.