சமத்துப் பெட்டி

காப்பி குடித்த கையோடு மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியில் பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "சமத்து, பேசாம இரு" என்கிறார் சந்திரமௌலி. அது பேசாமல்தான் இருக்கிறது. அதைப் பேசாமல் இருக்கப் பழக்குவதற்காகத்தான் நல்ல சம்பளத்து வேலையை விட்டுவிட்டு வந்தார்.

அபிராமபுரத்து அடுக்ககம் அது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று ரேடியோ அலையில் கைபேசிக்குச் சொல்வது பெட்டியின் வேலை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை தொட்டிக்கு ஒன்று வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். ஒன்றும் காதில் விழாது, பேட்டரியும் தீர்ந்துபோகும். "பந்தியில அத்தனை பேரும் ஒரே சமயத்துல ரசம் ரசம்னு கத்தினா, பரிமாறறவன் என்ன பண்ணுவான்?" என்பார். அதனால் அந்தந்தக் கட்டடத்தின் தண்ணீர்ப் பழக்கத்தைப் பெட்டியே பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி செய்திருக்கிறார். வழக்கம்போல் நடந்தால் வாய் திறக்காது. வழக்கம் மாறினால் மட்டும் சொல்லும்.

இந்த விதியைத் தனக்கும் போட்டுக்கொண்டுவிட்டார் மனிதர். மனைவி கோமளம் "எங்க இருக்கேள்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வராது. வீட்டுக்கு வந்ததும், "வழக்கமா இருக்கற எடத்துலதான் இருந்தேன். அதை வேற சொல்லணுமா?" என்பார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த ஆத்துல புதுசா ஒண்ணும் நடக்கலையாக்கும்" என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

மோட்டார் அறைச் சாவி அவர் பூணூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் போடும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தானே கேட்டு வாங்கியவர். "நான் பாத்துக்கறேனே, குடுங்கோ" என்று கோமளம் பலமுறை கேட்டுப் பார்த்தாள். "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்" என்று சாவியைப் பனியனுக்குள் தள்ளிக்கொள்வார்.

போன வாரம் சங்கச் செயலாளர் ஷரீஃப், குடியிருப்பவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். பிடித்தால் பெட்டி இருக்கட்டும், இல்லாவிட்டால் கழற்றிவிடலாம் என்று பேச்சு. சொந்தக் கட்டடத்திலேயே கழற்றிவிட்டால் வேறு எவன் வாங்குவான்? அன்று காலை சந்திரமௌலிக்குக் காப்பிகூட இறங்கவில்லை.

கீழே மோட்டாரைப் போட்டுவிட்டு மேலே ஓடிவந்தார். "ரொம்பி வழியப்போனா தானா சொல்லும், பாருங்கோ" என்று கைபேசியை உயர்த்திப் பிடித்தார். தொட்டி நிரம்பியது. வழிந்தது. ஷரீஃபின் புதுச் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. கைபேசி கம்மென்று இருந்தது.

"இன்னா மௌலி சார், பொட்டி தூங்கிக்கினு கீதா?" என்றார் ஷரீஃப்.

கூட்டத்தோடு மாடிக்கு வந்திருந்த கோமளம் மோட்டாரை நிறுத்தக் கீழே ஓடினாள். இவர் ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு மடிக்கணினியைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி பாடம் படித்த மாதம் முழுக்க, தண்ணீர் ஏற ஏறத் திரையில் ஏறும் கோட்டை ரசித்துக்கொண்டே உட்கார்ந்து, மோட்டாரை நிறுத்த மறந்தவர் அவரேதான். தொட்டி தினமும் வழிந்தது. வழிவதுதான் இந்தக் கட்டடத்து வழக்கம் என்று பெட்டி நம்பிவிட்டது.

அவமானத்தில் காது சூடேறியது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. "பெட்டி மேல தப்பில்லை, ஷரீஃப். ஒரு அசட்டுக்கிட்ட பாடம் படிச்சிருக்கு. என்ன, நன்னாவே படிச்சுடுத்து."

ஷரீஃப் செருப்பை உதறினார். "இன்னொரு மாசம் பாப்போம் சார். மொதல்லேர்ந்து படிக்க வைங்க. ஆனா வாத்தியாரை மாத்திடுங்க."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். கோமளம் மூச்சு வாங்க மேலே வந்து, மோட்டார் அறையைப் பூட்டச் சொன்னாள். சந்திரமௌலி பெட்டியைத் தட்டிக்கொடுக்கப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்து, வேட்டி நுனியில் துடைத்து, அவளிடம் நீட்டினார்.