ஒரு சாண் உயர்ந்த தளம்

என் சித்தப்பா படகு கட்டுகிறவர். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறி, குடிநீர், கேஸ் சிலிண்டர் கொண்டுபோகும் சிறு படகுகள்தான் அவர் தொழில். வாய் சும்மாவே இருக்காது. காலில் ஈரம் படாதபடி தளத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொல்லி யாராவது கேட்டால் அவ்வளவுதான், தொலைந்தார்.

"செருப்பு நனையக் கூடாதுன்னா வீட்லயே இருங்க. ஆள் நிக்கிற எடம் ஏற ஏறப் படகு ஆடும். கவுந்தா தலையும் சேந்து நனையும்."

திட்டு வாங்கிக்கொண்டும் அவரிடமே வந்தார்கள். அவர் கட்டிய படகு எதுவும் கவிழ்ந்ததில்லை.

சித்தி நேர் எதிர். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாலே பெரிய விஷயம். அவர் கட்டித் தந்த படகில் அவள்தான் சரக்கு கொண்டுபோனாள். அலைக்குத் தோதாக அடியை உருண்டையாகக் கட்டியிருந்தார். தட்டை அடிப் படகைப் போல அது அசையாமல் நிற்காது. பாரம் கீழே இருக்கும்வரை, ஆடினாலும் நிமிர்ந்துவிடும்.

ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து சித்தப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சுவரைப் பார்த்துக் கிடந்தவர் பேச்சையே நிறுத்திவிட்டார். எனக்கே அதைத் தாங்க முடியவில்லை, சித்திக்கு எப்படி இருந்திருக்கும்! கடலுக்குப் போனாலாவது பேசுவார் என்று நானும் அவளுமாக அவரைத் தூக்கிப் படகில் சாய்த்து வைத்தோம். நிமிர்ந்து உட்கார அவரால் முடியாது. தாழ்ந்த தளத்தில் சாய்ந்திருந்தவருக்கு இரண்டு பக்கப் பலகையும் வானமும்தான் தெரிந்தன.

"தளத்த ஒரு சாண் தூக்கேன்டி. தண்ணியப் பாக்கணும் போல இருக்கு."

ஊரையே திட்டிய மனிதர் கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாளே தளத்தை உயர்த்தினோம்.

அன்று மூவரும் போனோம். அவர் வாய் ஓயவில்லை. எந்தக் கப்பலில் பெயின்ட் உரிந்திருக்கிறது, எவன் கயிற்றைத் தப்பாகக் கட்டியிருக்கிறான் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு கப்பலை ஒட்டி நிறுத்தியதும் சித்தி எழுந்து நின்று காய்கறி மூட்டையை மேலே நீட்டினாள். படகு சட்டென்று சாய்ந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. அவள் கப்பலிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துத் தப்பித்தாள்.

திரும்பும்போது அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கயிறு உரசிச் சிவந்திருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கழட்டிடு."

"இருக்கட்டுங்க. போகப் போகப் பழகிடும்."

"நான் வேடிக்கை பாக்க நீ சாகணுமா? கழட்டுடி!"

தளத்தை இறக்கினோம். ஆனாலும் அவரைத் தினமும் அழைத்துப் போனாள். படுத்திருந்தவர் கண்ணில் படாததையெல்லாம் அவளே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "வலப்பக்கம் ஒரு செவப்புக் கப்பல்" என்பாள். "செவப்புன்னா? தக்காளியா, செங்கல்லா?" என்று அவர் குடைவார். அந்தக் கிண்டலுக்காகவே அவள் உன்னிப்பாகப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு மதியம் கரையில் காத்திருந்தேன். மோட்டார் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது. நங்கூரச் சங்கிலியில் உட்கார்ந்திருந்த பறவைகளைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். அருகே போனபோதுதான் பார்த்தேன், சித்தப்பாவின் கண்கள் மூடியிருந்தன. முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டிருந்தாள்.

"மூச்சு நின்னது பாதி வழியிலயே தெரிஞ்சிடுச்சுப்பா" என்றாள். "சொல்றத நிறுத்த மனசு வரல."