டவுட்டு அக்காவின் மேசை

எங்கள் பட்டறையில் அவரை எல்லாரும் டவுட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான். காலையில் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வீட்டுக்குப் போன் செய்து, அடுப்பை அணைத்தாகிவிட்டதா என்று மகளைக் கேட்பார். பட்டறைக் கதவைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். படி இறங்கிய பிறகு மறுபடி ஏறி வந்து நாலாவது முறையும் இழுப்பார். கணவர் லாரி ஓட்டுகிறவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்கிறவரை அக்காவுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

பன்னிரண்டு வருடம் செல்போன் ரிப்பேர் கடையில், சூட்டுக்கம்பியால் ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் வேலை பார்த்தவர். அங்கே ஒரு பேட்டரி வெடித்துப் பக்கத்தில் இருந்தவரின் புருவம் பொசுங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தக் கதையை எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று நான் காதைப் பொத்திக்கொள்வேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

நாங்கள் செய்வது குழந்தைகளுக்கான கம்ப்யூட்டர். நீலப் பெட்டி, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். கறுப்பு வெள்ளைத் திரை, ரப்பர் பட்டன்கள். அதில் கணக்குப் போடலாம், எழுதலாம், படம் வரையலாம், சின்னச் சின்னப் புரோகிராம் எழுதிப் பார்க்கலாம். ஒரு குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தில் இது முப்பது ஓடும். புரோகிராம் எழுதுவது நான். வடிவமைத்தது எஞ்சினியர் சார். புதுப் பேட்டரி போட்டால் விலை ஏறிவிடும் என்பதால், தூக்கிப் போட்ட லேப்டாப்களிலிருந்து விரல் பருமன் பேட்டரிகளைப் பிரித்தெடுத்து, தேறியதை மட்டும் போடுவோம். எது தேறும், எது தேறாது என்று சொல்வதுதான் அக்காவின் வேலை.

அதற்கு அவரிடம் மீட்டர் இருந்தது. ஆனால் மீட்டரை அவர் முழுசாக நம்பியதில்லை. ஒவ்வொரு பேட்டரியையும் சார்ஜில் போட்டு, நடுநடுவே கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். லேசாகச் சுட்டாலும் கழித்துவிடுவார். நல்லது இடதுபக்கத் தட்டில், கெட்டது வலதுபக்கத் தட்டில். இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டுகள். பேட்டரிமேல் ஒரு குறியும் கிடையாது. "அக்கா கையே போதும், ஸ்டிக்கர் எதுக்கு?" என்று சார் பெருமையாகச் சொல்வார். நிஜமாகவே அக்கா தட்டைப் பார்க்கவே மாட்டார். கண் சால்டரிங் முனையில் இருக்கும், இடது கை தானாகப் போய்ப் பேட்டரியை எடுத்து வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அக்கா போன பிறகு, அவருடைய மேசையை நான் திருப்பினேன். மேசையின் பக்கவாட்டில் ஒரு பிளக் பெட்டி உண்டு. அது என் நாற்காலிப் பக்கம் வந்தால் வசதி, அவ்வளவுதான். சதுர மேசை, எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தட்டுகளோடு சேர்த்து அரை வட்டம் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை அக்கா கடைசி ஒன்பது கம்ப்யூட்டருக்குப் பேட்டரி பொருத்தினார். வியாழன் காலை, அதுவரை செய்து முடித்த நாற்பது கம்ப்யூட்டரையும் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வருவதாகச் சார் கிளம்பிப் போனார்.

அன்று மதியம் பழைய சாமான் எடுக்கிறவர் வருவதாக இருந்தது. கழித்த பேட்டரிகளை அவரிடம் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை சோதிப்பது அக்காவின் வழக்கம். குப்பைக்குப் போவதிலுமா சந்தேகம் என்று அன்றும் கிண்டல் செய்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கன்னத்தில் பேட்டரியை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இது சுடல. இதுவும் சுடல. எல்லாம் நல்ல பேட்டரிப்பா."

பிறகு மேசையைப் பார்த்தார். மேசைப் பலகையில், அவருடைய வலது முழங்கை படுகிற மூலையில், சால்டரிங் கம்பி விழுந்து கரிந்த பழைய வடு ஒன்று இருக்கும். அது இப்போது எதிர்ப்பக்கம் இடது மூலையில் இருந்தது. அக்காவின் முகத்தில் ரத்தம் வடிந்து போனதை நான் பார்த்தேன். மேசையோடு தட்டுகளும் பக்கம் மாறியிருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப, கெட்டது ஒம்போதும் பிள்ளைங்க கையில இருக்கு."

சாரின் போன் அணைந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மணி இரண்டே முக்கால். நாலு மணிக்குப் பள்ளி விடும், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சார்ஜ் போடுவார்கள். 'முதல் நாள் இரவு முழுக்கச் சார்ஜில் வைக்கவும்' என்று கூடவே ஒரு தாள் கொடுத்திருந்தோம். அதை எழுதியதும் நான்தான்.

ஆட்டோவில் அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். 

"மேசையை யாரு திருப்புனது?" என்று கேட்டார்.

"பெருக்குற அம்மாவா இருக்கும்க்கா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் சார் இல்லை, கொடுத்துவிட்டுக் காலையிலேயே கிளம்பியிருந்தார். தலைமை ஆசிரியை எங்களைச் சிரித்துக்கொண்டே வரவேற்றார். சின்னச் சோதனை என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அக்கா உள்ளே போனதும் போட்டு உடைத்தார். "டீச்சர், இதுல சில பேட்டரி தீப்பிடிக்கும். தப்பு என்னோடது. எல்லாத்தையும் இப்பவே கழட்டணும்."

எது கெட்டது என்று குறி இல்லாததால் எல்லாவற்றையும் வகுப்பில் உட்கார்ந்து கழற்றினோம். பிள்ளைகள் முகம் தொங்கிப் போய்ச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி வரைந்திருந்த பூனை பாதியில் அணைந்தது. அவள் அழுதாள், அக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பதுதான் இருந்தது.

"ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல். மத்தியானமே அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார் ஆசிரியை.

நாற்பதில் ஒன்பதுதான் கெட்டது. அது நல்லதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். அக்கா செருப்பை எங்கே விட்டார் என்று தெரியவில்லை, வெறுங்காலோடு முன்னால் ஓடினார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. கதவைத் திறந்த அம்மா உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா. இப்பதான் தூங்குறா. எழுந்ததும் கம்ப்யூட்டர் கேப்பான்னு சார்ஜ் போட்டுப் பக்கத்துலயே வெச்சிருக்கேன்."

உள்ளே நெயில் பாலிஷ் மாதிரி, பேட்டரி கசிகிற வாசனை அடித்தது. கட்டிலில் குழந்தை ஒருக்களித்துப் படுத்திருந்தது. தலையணைக்குப் பக்கத்தில், போர்வை மூடியும் மூடாமலும், நீலப் பெட்டி. அதன் பின்பக்கம் உப்பியிருந்தது.

"குழந்தையைத் தூக்கு!" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் வாசற்படியில் நின்றேன். கால் வரவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. குழந்தையைத் தூக்கியது அந்த அம்மா. அக்கா பிளக்கைப் பிடுங்கினார், பெட்டியை இரண்டு கையாலும் அள்ளினார், என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி வெறும் சிமெண்டுத் தரையில் வீசினார். அது சீறியது. பிறகு பொசுக்கென்று பற்றி எரிந்தது.

குழந்தை விழித்துக்கொண்டு, "என் கம்ப்யூட்டர் எங்கம்மா?" என்று கேட்டது. அக்கா அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். உள்ளங்கை இரண்டும் சிவந்து கொப்புளம் கட்ட ஆரம்பித்திருந்தன.

சாயங்காலம் பட்டறைக்குச் சார் வந்தார். "எப்படிம்மா நடந்துச்சு?" என்றார்.

"தட்டைப் பாக்காம எடுத்தேன் சார். நான்தான்."

அதோடு முடிந்திருக்கும். பெருக்குகிற அம்மா பேச்சைக்கூட அக்கா எடுக்கவில்லை. "மேசையைத் திருப்பினது நான் சார்" என்றேன்.

சார் சட்டென்று என்னைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும். பெருக்குற அம்மா ஒரு வாரமா லீவு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் போல்ட்டும் துளைபோடும் மெஷினுமாகப் போய் நின்றேன். மேசையின் நாலு காலையும் தரையோடு சேர்த்து முடுக்கிவிட்டால் இனி எவனும் அசைக்க முடியாது என்பது என் யோசனை. கெட்ட பேட்டரிக்குச் சிவப்பு மை வைப்பது என்று சாரும் முடிவு செய்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தார். கை ஆறுகிறவரை வராதீர்கள் என்று சொல்லியும் வந்தார். மைக்குச் சரி என்றார். போல்ட்டைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினார்.

"வேணாம் தம்பி. இத்தனை டவுட்டுப் படுறேன், என் கை மேல மட்டும் ஒரு நாளும் டவுட்டு வரல பாரு. தினம் காலையில மேசையைத் திருப்பிப் போட்டுட்டுத்தான் உட்காரப் போறேன். நல்லது எந்தப் பக்கம்னு என் கைக்குத் தெரியவே கூடாது. பயந்து பயந்து, பாத்துப் பாத்து எடுக்கட்டும்."

கட்டுப் போட்ட கைகளால் மேசை ஓரத்தைப் பிடிக்க முடியாமல் முழங்கையைக் கொடுத்து நின்றார்.

"என்ன பாக்குற? அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். தட்டுகளைப் பார்த்துப் பார்த்து, அவரோடு சேர்ந்து திருப்பினேன்.