கிருஷ்ணகுமாரியின் பித்தளைக் கரண்டி

ஹவுகெட்டோவில் இருக்கும் கிருஷ்ணகுமாரியைத் தெரியாத ஒஸ்லோத் தமிழர் இருக்கலாம். அவருடைய பருப்புக்கறியைச் சாப்பிடாதவர் இருக்கவே முடியாது. கோயில் அன்னதானச் சமையலுக்கு அவர்தான் தலைவி. கையில் எப்போதும் முழநீளப் பித்தளைக் கரண்டி. அதை வேறு யாராவது தொட்டால் போதும், "வையடி பிள்ளை அங்கை!" என்று ஒரு சத்தம் போடுவார். சமையலறையே கப்சிப்.

இந்த வருடம் முழங்காலில் சத்திரசிகிச்சை. இனி அடுப்படியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த தலைவி மிதுனா என்று முடிவாயிற்று. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஆனாலும் நல்ல கைப்பக்குவம். கிருஷ்ணகுமாரிக்கு அதுதான் பெரிய எரிச்சல். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லையே!

பிரியாவிடைச் சாப்பாட்டுக்குச் சமையல் கூட்டம் முழுவதும் படகேறி ஹோவேடொயா தீவுக்குப் போனது. புல்வெளியில் அவரே பரிமாறினார். முடிந்ததும் கரண்டியைக் கழுவித் துடைத்துத் தன் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார். அதை மிதுனாவிடம் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். இதையும் கொடுத்துவிட்டால் நான் வெறும் முழங்கால் வருத்தக்காரிதானே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாப்பிட்டது செமிக்கட்டும் என்று, தீவில் இடிந்து கிடக்கும் பழைய கிறிஸ்தவ மடத்தைச் சுற்றினார்கள். மிதுனாவின் கணவன் கவிசன் சரித்திரம் படித்தவன். பழைய கல்லைக் கண்டால் அவனுக்கு வாய் மூடாது.

"அன்ரி, இப்பிடியான மடங்களிலை துறவிகள் நாளாந்தம் கூடிக் கதைக்கிறதுக்கு ஒரு கூடம் இருக்கும். மடத் தலைவர்மார் கையிலை ஒரு கோல் வைச்சிருப்பினம். அவை செத்தா, கனபேரை அந்தக் கூடத்து நிலத்துக்குக் கீழைதான் புதைச்சவை."

"என்னடா, ஆக்கள் உழக்கிற இடத்திலையோ?"

"ஓம். அடுத்த தலைவரும் அதுக்கு மேலாலை நடந்துதான் தன்ரை கதிரைக்குப் போவார்."

"அட கோதாரி! தலைவர் எண்டு கையிலை ஒரு கோல் வைச்சிருப்பினமெண்டு சொன்னியே, அதையும் சேர்த்தே புதைச்சவை?"

"சில இடங்களிலை நல்ல கோல் அடுத்த தலைவருக்குப் போயிடும். செத்தவருக்குப் பக்கத்திலை சும்மா ஒரு மரக்கோல்தான்."

கிருஷ்ணகுமாரி அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"அப்ப அந்த மனிசன் போன பிறகும் மற்றவை வழமைபோலை வந்து கூடியிருக்கினம், என்ன?"

"ஓம் அன்ரி. அவருக்கு மேலையே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் கலங்கியது. பையைத் திறந்தார்.

"இந்தா மிதுனா, பிடி. பருப்பை அடிப்பிடிக்க விட்டியோ, வந்து முதுகிலை போடுவன்."

மிதுனா இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கவிசன், நீ எனக்கொரு மரக்கரண்டி வாங்கி வை. நான் போகேக்கை கையிலை தா."

"விசர்க்கதை கதையாதேங்கோ அன்ரி!"

"என்னடா விசர்? எங்களை எரிக்கிறதுதானே. பித்தளை எரியாமல் சாம்பலுக்கை தனியக் கிடக்கும். மரமெண்டா என்னோடையே வரும்."