மேட்டுத் தெருவுக்கு வண்டி போகாமல் ஆனது

இப்போது எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க பேட்டரி வண்டி வருகிறது. எந்தத் தெரு முதலில், எது பிறகு என்று ஓட்டுகிற பெண்ணுக்கு போனிலேயே வந்துவிடுகிறதாம். சுற்று குறைந்து வேலை சீக்கிரம் முடிகிறது என்றாள். நல்லதுதான். நானும் ஒரு காலத்தில் ஒரு குப்பை வண்டிக்கு வழியைக் குறைத்துக் கொடுத்தவள்தான். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

அப்பா குற்றாலத்தில் குப்பை வண்டி ஓட்டினார். ஒற்றை மாடு, மரச்சக்கரம். சீசன் வந்துவிட்டால் பஜாரில் பலாச் சக்கையும் எச்சில் இலையும் குவிந்து கிடக்கும். சனிக்கிழமைகளில் நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். பஜாரில் பாரம் ஏற்றினால் நேரே கீழே குப்பை கொட்டுகிற உரக்கிடங்குக்குப் போய்விடலாம். அப்பா போகமாட்டார். அவ்வளவு பாரத்தோடு மேட்டுத் தெருவுக்கு ஏற்றுவார். சாரலில் மாட்டுக்குக் குளம்பு வழுக்கும், வாயில் நுரை தள்ளும். பார்க்க எனக்கு அழுகை வரும்.

அந்தத் தெருவில் கடைசி வீடு அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி வீடு. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்று தாத்தா அவளைத் தலைமுழுகிவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் அவளோடு பேசக்கூடாது, அவள் வாசலை மிதிக்கக்கூடாது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்கு அவள் குப்பைக் கூடை கொண்டுவருகிற ஒரு பொம்பளை, கொஞ்சம் கிறுக்கு. ஏனென்றால் அவள் மாட்டோடுதான் பேசுவாள்.

"ஏன் மொகம் வாடிக் கெடக்கு? காலையில ஒண்ணும் திங்கலியோ?" என்று மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்பாள்.

அப்பாவும் மாட்டைப் பார்த்தே, "பழையது குடிச்சாச்சுன்னு சொல்லு. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுட்டான்னு கேளு" என்பார்.

தாத்தாவின் சொல்லை அப்பா ஒருநாளும் மீறவில்லை.

ஒரு சனிக்கிழமை, குப்பை வண்டிகளை மேய்க்கிற மேஸ்திரி உரக்கிடங்குக்கே வந்துவிட்டார். "ஏன்யா, ரெண்டாம் வண்டிக்காரன் மூணு நடை அடிச்சிட்டான். நீ ரெண்டுலயே நிக்க. பஜார்ல கால் வைக்க முடியல" என்றார்.

"மாடு அந்த வழிக்கே பழகிட்டுங்கய்யா" என்றார் அப்பா.

பெரிய ஆட்கள் முன்னால் நான் வாயைத் திறக்கிறவள் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான். அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "இல்லய்யா, மாடு அங்கன ஏறவே மாட்டேங்கு. அப்பாதான் அதட்டி ஏத்துதாவ. ரெண்டாம் வண்டி காலையில வெறும் வண்டியா மேட்டுத் தெரு வழியாத்தான எறங்குது. அதுவே எடுத்துட்டு வரலாம்லா" என்றேன்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "ஒம் மவளுக்கு இருக்க மூளை ஒனக்கு இல்லியேய்யா."

அன்றோடு மேட்டுத் தெரு இரண்டாம் வண்டிக்குப் போய்விட்டது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார். அது குடித்து முடித்த பிறகும் தொட்டிப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். மறுநாளிலிருந்து மூன்று நடை முடித்தும் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்.

பத்துப் பதினைந்து நாள் கழிந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், பாதையில் அந்தப் பொம்பளை நிற்கிறாள். கையில் கூடை இல்லை.

"ஏட்டி, ஒங்க வண்டிய ஏன் எங்க தெருப்பக்கம் காணும்?"

"இனிமே வராது. மேடு ஏற மாட்டுக்கு ஏலலல்லா, நான்தான் மேஸ்திரிகிட்டச் சொல்லி மாத்துனேன்."

"நல்லதுதான் செஞ்சிருக்க" என்றாள். ஆனால் போகவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு கேட்டாள், "மாடு சொகமா இருக்கா? இருமிக்கிட்டே இருந்துச்சே, நின்னுட்டா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாடு எங்கயாச்சும் இருமுமா?" என்று கேட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இந்தக் கூத்தை அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். சொல்ல மறந்துபோயிற்று.